உட்காரும் வேலை

"உங்க ஆன்மா எப்படிம்மா இருக்கு?" என்று அவளை ஒருவர் கேட்டார்.

நாற்பத்தாறு வயது வரை அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளெல்லாம் வேறு ரகம். இன்னும் எத்தனை விரிப்பு பாக்கி, கறை போச்சா, சாப்பிடப் போன ஆள் எங்கே, இப்படி. ஆன்மாவை நலம் விசாரித்த முதல் ஆள் இவர்தான். பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று, "அதுக்கு ஒண்ணும் இல்ல சார். கால்தான் வீங்குது" என்றாள்.

அவர் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டார். "வலி கால்ல தெரியுது. வேர் மனசுல இருக்கு. உடம்பு, மனசு, ஆன்மா மூணும் ஒண்ணும்மா. பிரிச்சுப் பாக்கக் கூடாது."

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், இஸ்திரி உருளையில் வேலை பார்த்தாள். கட்டில் நீளத்துக்குச் சூடான உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளை இழுத்துப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் வெளியே வருவதை வாங்கி மடிப்பார்கள். எட்டு மணி நேரமும் நின்ற கால்தான். உள்ளே விடுகிறவர்கள் அவளும் வம்பக்காவும். ஆள் உயரமென்பதால் அவளுக்கு நெட்டை என்று பெயர். வம்பக்காவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை அவள் வாய் திறந்தால் தெரிந்துகொள்ளலாம். மடிக்கிற இருவரும் நிஜமாகவே அண்ணியும் நாத்தனாரும். வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. விரிப்பின் இரண்டு முனைகளில்தான் அவர்கள் உறவு நின்றுகொண்டிருந்தது.

ஒரு வண்டித் துணி முடிந்து அடுத்த வண்டி வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் உட்கார நாலு ஸ்டூல் வேண்டும் என்று நால்வரும் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்திருந்தார்கள். எல்லாரையும்விட நெட்டைக்குத்தான் அவசரம். நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் ஒரு நாள் அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவே இல்லை.

"அம்மா, உக்காந்து செய்யற வேலையாப் பாரு. இல்லேன்னா இது புண்ணாயிடும்."

"எட்டாவதோட நின்னவளுக்கு உக்காந்து செய்யற வேலையை யாருடி எடுத்து வெச்சிருக்கா?"

இரண்டு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. ஸ்டூல் வரவில்லை, ஆன்மாவை விசாரித்த அந்த மூச்சுப் பயிற்சியாளர் வந்தார். பணியாளர்களின் முழுமையான நல்வாழ்வில் நிர்வாகம் அக்கறை கொண்டிருப்பதாகச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

"ஸ்டூல் கேட்டோம், ஆன்மா குடுத்திருக்காங்க" என்றாள் வம்பக்கா. "அதுல உக்கார முடியுமான்னு அந்த மூச்சு சாரைக் கேட்டுச் சொல்லு."

அன்றிலிருந்து அவர் மூச்சு சார் ஆனார். நல்ல மனிதர். செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணி அடுக்கும் அறையில் பாய் விரித்து அரை மணி நேரம். கையைத் தூக்கச் சொல்வார், குனியச் சொல்வார். அதுவரைக்கும் உடம்பு. பிறகு சம்மணமிட்டுக் கண்ணை மூடச் சொல்வார். மனசும் ஆன்மாவும் அதற்குள் அடக்கம்.

வயிறு நிறைந்திருக்கிறது, கால் மடங்கியிருக்கிறது, உருளை ஓடவில்லை. கண்ணை மூடச் சொன்னால் மனுஷி என்ன செய்வாள்? நாலு பேரும் தூங்கினார்கள். வம்பக்காவின் குறட்டை சுவர்த் தாளை ஆட்டியது. அண்ணி நாத்தனாரின் தோளில் சாய்ந்து தூங்கினாள். விழித்ததும் இருவரும் அதை மறந்துவிட்டார்கள்.

நெட்டையின் தூக்கம் வேறு. இருபது வருடமாகக் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிப் பழகியவள். தலை தொங்காது, வாய் பிளக்காது, முதுகு வளையாது. நட்டு வைத்த கல் மாதிரி நிமிர்ந்திருப்பாள். மூச்சு சார் மணி அடித்தார். அவள் அசையவில்லை. மூன்றாவது முறை அடித்துவிட்டு மணியைக் கீழே வைத்தார்.

"இவங்க எங்கேயோ போயிட்டாங்க" என்றார் மெதுவாக.

"எங்கேயும் போகல சார், இங்கதான் இருக்கா" என்றாள் வம்பக்கா. "நல்லா உலுக்குங்க."

"உலுக்கக் கூடாதும்மா! முப்பது வருஷமாப் பண்றேன், எனக்கே கால் மரத்துப்போகுது."

அவள் கண் திறந்ததும் அவர் குனிந்து கேட்டார். "என்னம்மா பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல சார்."

"அதேதான்!" என்றவர் எழுந்து நேராக மேலாளரிடம் போனார்.

மேலாளர் வந்து பார்த்தார். அடுத்த வாரம் இன்னும் இருவரை அழைத்து வந்து காட்டினார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூங்கினேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். சொன்னால் அந்த அரை மணியும் போய்விடும். கெடுக்கப் பார்க்கிறாயா என்று மற்ற மூவரும் கண்ணாலேயே அடக்கினார்கள்.

பிறகு ஒரு செய்தி வந்தது. விருந்தினர்களுக்காக மேல் மாடியில் நல்வாழ்வுக் கூடம் திறக்கப்போகிறார்களாம். அதற்கு முன் முதலாளியம்மாவே வந்து சலவைப் பிரிவைப் பார்க்கப்போகிறாராம். வம்பக்கா அவளைத் துணி வண்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"இத பாரு நெட்டை. அந்தம்மா உன்னைப் பாத்துட்டு 'உனக்கு என்ன வேணும்'னு கேக்கும். பெரிய மனுஷங்களுக்கு அதைக் கேக்காம திரும்பிப் போகத் தெரியாது. நீ நாலு ஸ்டூல்னு சொல்லு. நாங்க கேட்டா மூச்சு விடச் சொல்லுவாங்க. நீ கேட்டா குடுப்பாங்கடி."

"எனக்கு வாய் வருமாக்கா?"

"ரெண்டே வார்த்தை. நாலு, ஸ்டூல். இதுக்கென்ன மேடை போட்டு மைக்கா வேணும்?"

பின்னாலேயே வந்திருந்த அண்ணி முதல்முறையாக நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள். "மூணு கால் ஸ்டூல் வேண்டாம், ஆடும். நாலு கால் கேளு" என்றாள் நாத்தனார்.

அந்த வெள்ளிக்கிழமை பயத்தில் தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள். ஆனால் இருபது வருடப் பழக்கம் கைவிடவில்லை. மணி ஒலிக்கும்போது எதிரே ஒரு பட்டுச்சேலை பாயில் மண்டியிட்டிருந்தது. முதலாளியம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு அமைதி! எனக்குத் தூங்கவே மாத்திரை வேணும். திங்கக்கிழமைலேருந்து நீங்க மேல வந்துடுங்கம்மா. கூடத்துல இப்படி உக்காந்திருந்தா போதும். உங்களைப் பாத்தாலே வர்றவங்க மனசு அடங்கிடும். சம்பளம் குறையாது." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற என்ன வேணும் சொல்லுங்க?"

முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. நாலு என்ற சொல் தொண்டை வரை வந்தது. மேலாளர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார். மடங்கியிருந்த காலில் இரத்தம் குறுகுறுத்தது. கையில் வந்ததை வாயால் கெடுத்துக்கொள்ளாதே என்று அந்தக் காலே சொன்னது போலிருந்தது.

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள்.

மூச்சு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கவனிச்சீங்களா? கேக்கறதுக்கு எதுவுமே இல்ல. இதுதான் நிறைவு. இந்த நிலைக்கு வர நாங்கெல்லாம் இன்னும் எவ்வளவு தூரம் போகணும்!"

திங்கட்கிழமை அவளுக்கு வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு மேடை, மேடைமேல் பஞ்சு மெத்தை. பேசக் கூடாது, மற்றபடி விதியில்லை. விருந்தினர்கள் சுற்றி உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்தது. மகள் கணுக்காலை அமுக்கிப் பார்த்து, "பரவாயில்லையேம்மா!" என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. குளிர்ந்த காற்று, மெத்து மெத்தென்ற இருக்கை, நாள் முழுக்க மூடிய கண். மூடிய கண்ணுக்குள் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று பணியாளர் வாசலில் யாரோ சொன்னார்கள். மூன்று பேரே நாலு முனையையும் பிடிக்கிறார்களாம்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், பக்கத்தில் சூடு ஆறாத துணியின் வாசனை வந்தது. இமையைக் கொஞ்சம் தூக்கினாள். வம்பக்கா துவாலைக் கட்டோடு நின்றிருந்தாள். அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்து மேடைக்கு எதிரே வந்து நின்றாள். வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள். மறுபடி வலது காலுக்கு.

ஏதாவது சொல்லுவாள் என்று நெட்டை காத்திருந்தாள். திட்டட்டும். ஏண்டி இப்படிப் பண்ணினே என்று கேட்கட்டும். ஒரு கிண்டலாவது செய்யட்டும். இந்தக் கூடமே எழுந்து ஓடும்படி ஒரு கிண்டல். கண்ணை முழுவதும் திறந்தாள். முன்வரிசையில் ஒரு விருந்தினர் பதறிப்போய், "ஐயோ, கலைச்சிட்டீங்களே" என்று வம்பக்காவிடம் முணுமுணுத்தார்.

வம்பக்கா காலி வண்டியைத் திருப்பினாள். விருந்தினர்களின் கால்களில் இடிக்காமல் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.