கிரேவி காதலித்த பீப்பாய்

1

இந்தக் கதை ஒரு குதிரை பீப்பாயை நக்கியதில் பிறந்தது. பெரிய தரிசனம் ஏதும் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கண்காட்சித் திடலில் பந்தயத்தின்போது விழுந்த பீப்பாய்களைத் தூக்கி நிறுத்துகிற வேலையை நான் ஆசைக்காகச் செய்கிறேன். மூன்று பீப்பாய்கள் முக்கோணமாக நிற்கும். குதிரை பாய்ந்து வந்து ஒவ்வொன்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த வாசலுக்கே பறக்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் ஓட்டம் பாழ். அப்புறம் நான் ஓட வேண்டும். பீப்பாயைக் கண்டு மிரண்ட குதிரைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். காதலித்த குதிரை இது ஒன்றுதான்.

முதல் வரிக்கு முயன்றவை:

"செம்புழுதி இன்னும் அடங்காத அந்த மாலையில்…" (அடச்சீ.)

"ட்வைலாவுக்கு அப்போது வயது ஐம்பத்து…"

இதைக் குதிரைக்குச் சொந்தக்காரி ட்வைலாவே நிறுத்திவிட்டாள். திடலோரம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னடா கிறுக்குற?"

"உங்க கதைதான். உங்களுக்கு ஐம்பத்து…"

"என் வயசு எதுக்குடா உனக்கு? குதிரை வயசப் போடு. ஏழு."

போட்டுவிட்டேன்.

2

அந்த ஏழு வயதுப் பெண்குதிரையின் பெயர் கிரேவி, இந்த ஊரில் கறிச்சாற்றுக் குழம்பு. [சைவ வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். பெயரை நான் வைக்கவில்லை.] ட்வைலா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் அக்கா ரொடீனா பந்தயக் குதிரைகளைப் பழக்கிப் பேர் வாங்கியவள். தங்கை முதன்முதலாகத் தானே ஒரு குதிரையைப் பழக்கக் கிளம்பியதும், ரொடீனா வேலியில் கையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"இதையா ஓட விடப்போற? இது புல்லு மேயவே சோம்பேறித்தனப்படும்டி."

"உன் வேலயப் பாருக்கா."*

"கண்காட்சியில ஒரு பீப்பாயும் விழாம ஓட்டிக் காட்டு, என் வாயத் தச்சிக்கிறேன். விழுந்துச்சுன்னா குதிரை எனக்கு. பேரப் பசங்க சவாரிக்கு ஆகும்."

"சரி, எடுத்துக்கோ! போதுமா?"

ரோஷத்தில் கொடுத்த வாக்கு. அதை எப்படித் திரும்ப வாங்குவது? கிரேவியோ ஒன்றும் தெரியாமல் அவள் சட்டைப் பையை மோந்துகொண்டிருந்தது. அந்த மூக்கு நாளைக்கு வேறொருத்தி சட்டையை மோக்கும் என்று நினைத்ததுமே அவள் கிரேவியை வேலியை விட்டுத் தள்ளி அழைத்துப் போனாள்.

* இந்த ஊரில் அக்காவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் பேனாவுக்கு அது வரவில்லை.

3

கிரேவிக்குப் பீப்பாய் என்றாலே உதறல். அதனால் ட்வைலா பீப்பாயின் தலையில் வெல்லப்பாகு கலந்த தீவனத்தை ஒரு கைப்பிடி வைத்தாள். முதலில் கழுத்தை மட்டும் நீட்டியது. கொஞ்ச நாளில் பயம் போயே போச்சு. அடுத்தாற்போல் வேறு வியாதி பிடித்தது. சுற்றச் சொன்னால் நேராகப் போய் நக்கியது. காலிப் பீப்பாயையும் நக்கியது. பீப்பாய் உருண்டால் பின்னாலேயே போய் நக்கியது.

"ரெண்டுக்கும் கல்யாணத்தப் பண்ணி வச்சிருடி," என்று ரொடீனா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "கேக்கு நான் கொண்டாறேன்!"

[இங்கே ட்வைலாவை அழவைத்து ஒரு பத்தி இருந்தது. நிஜத்தில் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள், சேணத்திலிருந்தே வழுக்கிவிட்டாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

அதற்கப்புறம்தான் உண்மையாகப் பழக்கியது. தீவனம் பீப்பாயை விட்டு வாசலுக்கு வெளியே போனது. முதலில் வெறும் நடை. பிறகு நடையிலேயே வட்டம். பீப்பாய்க்கும் முழங்காலுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம் விட்டு வட்டம். "பீப்பாயப் பாக்காத, போற எடத்தப் பாரு" என்று ட்வைலா நாள் முழுக்க முணுமுணுத்தாள். ஓட்டுகிறவர் கண் போகிற பக்கம்தான் குதிரையும் போகும். ஆகவே அவள் தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலை கிரேவி மூன்றையும் சுத்தமாகச் சுற்றிவிட்டு, காதை மடக்கிக்கொண்டு வாசலைப் பார்த்துப் பாய்ந்த பாய்ச்சலில் ட்வைலாவின் தொப்பி எங்கோ போய்விட்டது.

"ஓடுதுடா! ஐயோ, இது ஓடுதுடா!"

அன்றைக்குப் பள்ளிப் பேருந்து தாமதம். பிள்ளைகள் யாரும் புகார் சொல்லவில்லை.

4

ரொடீனாவின் மேல் எனக்குச் சந்தேகம். ஒரு சின்னக் கதைக்கு இவ்வளவு வாய் தாங்காது. கொஞ்சம் ஈரம் சேர்க்கலாம் என்று பார்த்தேன்:

"தங்கையின் முகம் நினைவுக்கு வர, ரொடீனா தூக்கமின்றி…" (சுத்தப் பொய். குறட்டை பக்கத்துப் பண்ணை வரை கேட்கும்.)

அவளிடமே கேட்டேன். "எழுதுறதுன்னா நான் ஜெயிச்சேன்னு எழுது," என்றாள். அதோடு அவளைத் திருத்துகிற முயற்சியை விட்டுவிட்டேன்.

5

கண்காட்சி நாள். ட்வைலா வாசலில் நின்று கிரேவியின் கழுத்தைத் தட்டினாள். "வெளியில தீவனம் இருக்குடி செல்லம். வழியில யாரோடயும் பேசாத."

விட்டாள் பாருங்கள்! முதல் பீப்பாயில் போதுமான இடம். இரண்டாவதிலும் இடம். நான் வேலியோரம் குதித்துக்கொண்டிருந்தேன், பீப்பாய் தூக்குகிறவன் குதிக்கக் கூடாது என்பதையே மறந்துவிட்டேன். மூன்றாவது வந்தது. பழைய காதல் யாரை விட்டது? கிரேவி பாய்ந்துகொண்டே மூக்கை நீட்டியது. ட்வைலாவின் முழங்கால் விளிம்பில் மோதியது. பீப்பாய் சாய்ந்தது.

6

முடிவுகள்:

(அ) விழுந்தது. கிரேவி ரொடீனாவின் வண்டியில் ஏறியது. [எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.]

(ஆ) நிமிர்ந்து நின்றது. கூட்டம் ட்வைலாவைத் தோளில் தூக்கி… [சினிமா.]

(இ) கிரேவி திரும்பி வந்து மூக்காலேயே நிமிர்த்தியது. ["இதப் போடுடா, இதப் போடு!" என்கிறாள் ட்வைலா. மாட்டேன்.]

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், கவுண்டிக்கே தெரியும். ஆனால் நான் எழுத விரும்புவது அதற்கு முந்தின நொடியை. சாய்கிற பீப்பாயை ஓட்டுகிறவர் கையால் பிடிக்கலாம், பந்தய விதி இடம் தருகிறது. வேறு யாரும் தொடக் கூடாது. ட்வைலா கடிவாளத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையைப் பின்னால் நீட்டுகிறாள். விரல் நுனி விளிம்பில் படுகிறது. அப்போது மேலே பார்வையாளர் பலகை வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள்.

"நில்லு! விழுந்துராத! ஏய் சனியனே, நில்லு!"

ரொடீனா. விழுந்தால் குதிரை யாருக்கோ, அவளேதான். பீப்பாயைப் பார்த்துக் கத்திக்கொண்டு, அது சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பை முழுக்க வளைத்து நிற்கிறாள், தன் உடம்பாலேயே அதை நிமிர்த்திவிடுகிறவள் போல. அவளோடு சேர்ந்து வரிசை வரிசையாக மொத்தக் கூட்டமும் சாய்கிறது. நானும்தான்.

இங்கேயே பேனாவை மூடுகிறேன். நீங்கள் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். முடிவு அந்தப் பக்கம்தான்.