'தூய நீர்' என்று எழுதிய புட்டி

முதல் முறை சிவந்தபோது நஜ்முன்னிசா குடுவையைக் குறை சொன்னாள். இரண்டாம் முறை சிவந்தபோது தன் கையைக் குறை சொன்னாள். மூன்றாம் முறை, கண்ணாடிக் கலங்கள் அத்தனையையும் அமிலத்தில் கழுவி, காய்ச்சி இறக்கிய வடிநீரில் அலசி, ஆய்வகத்தின் ஜன்னலோரம் போய் நின்று, நீரும் கரைசலும் ஊற்றி மூடிய பிரிபுனலைக் குலுக்கினாள். பச்சையாக ஊற்றிய கரைசல் மாதுளை முத்தின் நிறத்தில் அடியில் இறங்கி நின்றது. இனிக் குறை சொல்ல நீரைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை.

ஈயம் கலந்திருந்தால் சிவக்கும் சோதனை அது. சிம்மக்கல் பாலத்தடியில் எடுத்த வைகை நீர், வண்டியூர்த் தெப்பக்குளத்து நீர், கோச்சடையில் அவள் வீட்டுக் குழாய் நீர் என்று மூன்று புட்டிகளைச் சேர்த்திருந்தாள். ஒப்பிட்டுக் காட்ட மாசற்ற நீர் ஒன்று வேண்டுமே என்று கல்லூரியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நான்காவது புட்டியைப் பிடித்துவந்து, அதன்மேல் தன் கையாலேயே 'தூய நீர்' என்று எழுதி ஒட்டினாள். ஆற்று நீரில் பச்சை மாறவில்லை. குளமும் வீடும் மாறவில்லை. தூய நீர் சிவந்தது.

பிற்பகலில் பாடத்திட்டக் குழு கூடுகிறது. பி.எஸ்ஸி. வேதியியலில் சுற்றுச்சூழல் வேதியியல் என்றொரு சிறப்புப் பிரிவைச் சேர்ப்பதற்கான கூட்டம். அந்தப் பிரிவுக்காகத் துறை ஆசிரியர்களில் முதலில் குரல் கொடுத்தவள் அவள்தான். கண்மாயில் நுரை பொங்குகிறதே, அது என்ன நுரையென்று சோதித்துச் சொல்ல ஒரே ஒரு பெண்ணுக்காவது நாம் கற்றுக்கொடுத்தோமா என்று, வேலை நிரந்தரமாகாதவள் என்பதையும் மறந்து, துறைக் கூட்டத்தில் முழங்கியவள். கல்லூரிச் செயலர் ஒப்புக்கொண்டது நுரைக்காக அல்ல. வேதியியல் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்ததற்காக. எதற்காகவென்றால் என்ன, கதவு திறந்தால் போதும் என்றிருந்தாள். இன்று அந்தக் குழுவின் முன்னால் இந்த நான்கு புட்டிகளையும் வைத்துச் செய்துகாட்ட வேண்டும்.

எங்கிருந்து வந்தது ஈயம்? கேள்வி எழுந்த கணமே விடையும் தெரிந்தது. ஆய்வகத்தின் மூலையில் வெள்ளைப் பீங்கான் தொட்டி பழுப்பேறிக் கிடந்தது. உப்பு ஆய்வு என்ற பெயரில் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாணவியும் ஈயத்தைக் கண்டுபிடித்தாள், காட்மியத்தைக் கண்டுபிடித்தாள், பாதரசத்தைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த கையோடு சோதனைக் குழாயை அந்தத் தொட்டியில் கவிழ்த்தாள். "தண்ணியத் தொறந்து விடு, போயிரும்" என்று இவளுக்குச் சொன்னார்கள், இவளும் சொன்னாள். எங்கே போகும்? நச்சின் பெயரையும் நிறத்தையும் எடையையும் கற்றுத்தந்த கல்வி, அது போய்ச் சேரும் இடத்தை மட்டும் ஏன் கற்றுத்தரவில்லை? குளத்தில் சோப்புப் போட்டுத் துவைத்தவளை அறியாமை என்று மேடையேறி ஏசினோமே, பட்டம் பெற்ற நாம் செய்ததற்கு என்ன பெயர்? ஜன்னலுக்கு வெளியே, சுவருக்குப் பின்னால், தொட்டியின் குழாய் போய் விழும் உறிஞ்சு குழி. அதற்கு அப்பால் ஆழ்துளைக் கிணறு. அதற்கும் அப்பால், துணிகள் காயும் மாணவியர் விடுதி. அங்கே குடிப்பதும் அந்தக் கிணற்று நீரைத்தான்; சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகி வெகு காலமாகிறது.

துறைத் தலைவர் ராமமூர்த்தியை அழைத்துவந்து காட்டினாள். இதே ஆய்வகத்தில் அவளுக்குப் பாடம் சொன்னவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பிரிபுனலின் அருகே குனிந்தார்.

"துத்தநாகத்துக்கும் செவக்கும்மா. பழைய இரும்புப் பைப்பு. மேல பூசுனது கரைஞ்சிருக்கும்."

"பைப்புல புடிக்கல சார். போர் வாய்லயே புடிச்சேன். அங்க பூராம் பிளாஸ்டிக்."

"ஏம்மா, வெளியூர்ல இருந்து ஆளுங்க வாரன்னிக்குத்தானா ஒனக்குப் போர் வாய்ல தண்ணி புடிக்கத் தோணுச்சு?" சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "இதுல நான் ஊத்துனது மட்டும் எம்புட்டு இருக்கும்..."

"இன்னிக்கே சொல்லிரலாம் சார்."

"சொன்னா? பிரிவு போயிரும். ஹாஸ்டலப் பூட்டுவாங்க. அந்தப் பிள்ளைங்கள அப்பன்மாரு ஊருக்குக் கூட்டிட்டுப் போயி என்ன செய்வாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? ஒரு மாசத்துல கல்யாணப் பத்திரிகை வந்து நிக்கும். மொதல்ல பிரிவு வரட்டும் நஜ்மா. வெளி லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்குவோம்."

"அதுவரைக்கும் தண்ணி?"

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அந்தப் புட்டியில வடிநீர ஊத்தி வச்சிரு."

அவர் சொன்னது முழுப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. படிப்பை நிறுத்திவிட்டுப் போன பெண்கள் கைக்குழந்தையோடு மாட்டுத்தாவணியில் எதிர்ப்பட்டு, "மேம், என்னைத் தெரியுதா?" என்று கேட்டதுண்டு. ஒரு பக்கம் அந்தக் கேள்வி, ஒரு பக்கம் இந்தச் சிவப்பு. நஜ்முன்னிசா நான்காவது புட்டியைக் கவிழ்த்தாள். தொட்டியில் அல்ல, ஒரு வாளியில். பிறகு வடிநீரை நிரப்பினாள். 'தூய நீர்' இப்போது உண்மையாயிற்று. அந்த உண்மையைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

நடைகூடத்தில் முத்துமீனா எதிரே வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி, விடுதிப் பெண். விருந்தினரைக் கவனிக்கப் பட்டுச் சேலை கட்டி, ஒரு கையில் தண்ணீர்க் கேனும் மறு கையில் டம்ளர் அடுக்கிய தட்டுமாக மூச்சு வாங்கினாள்.

"மேம், புதுப் பிரிவுல மொத ஆளு நான்தான். எங்கப்பாகிட்ட சண்டை போட்டு வச்சிருக்கேன், கவுத்திராதீங்க."

"இது எங்க புடிச்ச தண்ணி?"

"நம்ம ஹாஸ்டல் தண்ணிதான் மேம். எங்க ஊரு உசிலம்பட்டிப் பக்கம், உப்புத் தண்ணி. வாயில வைக்க முடியாது. இங்க என்னமா இனிக்குது! லீவுக்குப் போறப்ப எங்கம்மாவுக்கு ஒரு கேன் புடிச்சிட்டுப் போவேன். ரூம்ல எல்லாரும் சீர் போகுது, சீர் போகுதுன்னு கேலி பண்ணுவாளுக."

ஈயத்தின் உப்பொன்று இனிக்கும். ஈயச் சர்க்கரை என்றே அதற்குப் பெயர். நாக்கு அறியும் அளவுக்கு இந்த நீரில் ஈயமில்லை என்று நஜ்முன்னிசாவின் அறிவு சொன்னது. அவள் முதுகெலும்பு அதை நம்பவில்லை. "மீனா, அந்தத் தண்ணிய..." என்று தொடங்கினாள். கூட்ட அறை வாசலில் ராமமூர்த்தியின் முகம் தெரிந்தது. "ஒண்ணுமில்ல. போ."

கூட்டம் நல்லபடியாகவே நடந்தது. நஜ்முன்னிசா நான்கு புட்டிகளையும் சோதித்துக் காட்டினாள். நான்கும் பச்சை. பல்கலைக்கழகப் பிரதிநிதியாக வந்திருந்த பேராசிரியை மெச்சித் தலையாட்டினார்.

"இந்தத் தூய நீர் எங்க எடுத்தது?"

நஜ்முன்னிசா வாய் திறக்குமுன் செயலர் முந்திக்கொண்டார். "வேற எங்க? நம்ம காலேஜ் போர்தான். எளநி தோத்துப்போகும் மேடம். குடிச்சுப் பாருங்க, அப்புறம் ஊருக்கே போக மாட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் கையெழுத்துக்காகச் சுற்றி வந்தது. வெயிலில் வந்த களைப்பில் கைகள் டம்ளர்களை நோக்கி நீண்டன. ராமமூர்த்தியும் தம் டம்ளரை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

வாசலருகே முத்துமீனா நெற்றி வியர்வையை முந்தானையில் ஒற்றினாள். கடைசி டம்ளரை நிரப்பிக்கொண்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல் உயரத் தூக்கிச் சாய்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நீர்த்தாரை கண்ணாடிக் கம்பியாய் இறங்கியது.

"மீனா! குடிக்காதே!"

அது தன் குரல்தானா என்று நஜ்முன்னிசாவுக்கே ஐயமாயிற்று. தாரை அறுந்து பட்டுச் சேலையில் சிதறியது. உயர்ந்த டம்ளர்கள் உயர்ந்த இடத்திலேயே நின்றன.

"என்னம்மா இது?" என்றார் செயலர்.

சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் மேடைதோறும் அவள் முழங்கிய சொற்கள்தாம். ஒன்றுகூட வரவில்லை. அவள் எழுந்து போய்ச் செயலரின் விரல்களிலிருந்து டம்ளரை வாங்கினாள். அவர் தடுக்கவும் மறந்து கொடுத்தார். அந்த நீரைப் பிரிபுனலில் ஊற்றினாள். பாதி மேசையில் சிந்தியது. பச்சைக் கரைசலைச் சேர்த்து, மூடியை அழுத்திப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினாள்.

ராமமூர்த்தி தம் டம்ளரை மேசைமேல் வைத்த ஓசை கேட்டது. வாசலில் முத்துமீனா நனைந்த மார்போடு, டம்ளரை இறக்காமல், அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நஜ்முன்னிசா பிரிபுனலைத் தாங்கியில் மாட்டினாள். உள்ளே நீரும் நிறமும் கலங்கிச் சுழன்றன. அடியில் முதல் துளி மெல்லத் திரளத் தொடங்கியது.