கதவோரம் திரும்பும் நாற்காலி

"என் மெஷின்ல சரியாத்தான் இருக்கு" என்று எழுதி, நாற்காலி சாரின் புகாரை ஏழாவது தடவையாக மூடினேன். அறைக்குள் கட்டில், மேஜை, அலமாரியை எங்கே போடலாம் என்று வரைந்து பார்க்கிற மென்பொருள் எங்களுடையது. நான் எழுதுவேன், அவர் சோதித்துக் குறை சொல்வார். நாற்காலியை நகர்த்திச் சேமித்தாலும் அது பழைய இடத்துக்கே போய்விடுகிறதாம். ஒரு மாதமாக இதே பாட்டு. அதனால்தான் அந்தப் பெயர். ஐம்பத்தைந்து வயது மனிதருக்கு முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்ததில் எனக்கும் பங்குண்டு.

அன்று காலை மேனேஜர் வந்தார்.

"இல்லாத தப்பையெல்லாம் எழுதிட்டிருக்கார். வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன். அவர் வேலை சரியில்லைன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

மறுத்துப் பேசத் தெம்பில்லை, தலையாட்டினேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு மனிதரின் பிழைப்பு. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமென்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சின்ன அறை, ஒரு கட்டில், கதவோரம் நாற்காலி. அதைக் கட்டிலோரம் இழுத்து வைத்தார். சேமித்தார், கோப்பை மூடினார், திறந்தார். நாற்காலி கட்டிலோரமே இருந்தது.

"இருக்கே சார்" என்றேன் எரிச்சலோடு.

"இப்ப இருக்கும்மா. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வந்து பாத்தா இருக்காது."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மணி பன்னிரண்டரை. அவர் எல்லாவற்றையும் மூடி, கணினியை அணைத்துவிட்டுப் பையை எடுத்தார். எங்கள் ஆபீஸில் யாரும் அணைப்பதில்லை. என்னுடையதைக் கடைசியாக அணைத்து இரண்டு வாரமாகிறது.

"எதுக்கு சார் ஆஃப் பண்றீங்க?"

"வீட்டுக்குப் போறேன்ல. வீட்டுக்காரி படுத்த படுக்கை. நான் போய்த்தான் ஊட்டணும். சில நாள் திரும்பி வர முடியாமப் போயிடுது."

அவர் போனதும் கணினியைப் போட்டேன். கடவுச்சொல்லை மானிட்டர் ஓரத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார். அதே அறையின் கோப்பைத் திறந்தேன். நாற்காலி கதவோரம் நின்றது.

ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். பொருளை நகர்த்தினால் நிரல் அதன் நகலைத்தான் நகர்த்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த நகலையே காட்டி ஏய்க்கிறது. கோப்புக்குள் போவதோ நகராத அசல். மென்பொருளையே முழுதாக மூடித் திறப்பவருக்கு மட்டுமே குட்டு வெளிப்படும். அப்படி ஒருவர்தான் இருந்தார். அந்த வரி நான் எழுதியது. அரை வரியிலேயே திருத்திவிட்டேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "எழுதியாச்சா?"

"தப்பு என்னோடது சார். அவர் சொன்னதுதான் சரி."

"ஏழு தடவை மூடியிருக்கீங்களே?"

அந்த வரியைத் திரையில் காட்டினேன். "வெள்ளிக்கிழமை விஷயம் அப்புறம் பேசுவோம்" என்று போய்விட்டார்.

நாற்காலியைக் கட்டிலோரம் வைத்துச் சேமித்தேன். கணினியை அணைத்தேன், மறுபடி போட்டேன். இந்தத் தடவை அது கதவோரம் திரும்பவில்லை. அவரிடம் நானே சொல்ல வேண்டுமென்று அவருடைய இருக்கையிலேயே காத்திருந்தேன். மணி நான்கானது. திரையில் நாற்காலி கட்டிலை ஒட்டியே நின்றது. அவர் இன்னும் வரவில்லை.