இரண்டு ஃபண்டு, ஆறு வங்கி

...இல்லை, வேறு ஏதோ பக்கத்தைத் திறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று வெர்னா கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிக்கொண்டு மறுபடி தொட்டாள், மறுபடியும் அதேதான் வந்தது, மேலே டிவிடெண்ட் ஃபண்டு என்று கொட்டை எழுத்தில் பேர், கீழே அது எந்தெந்தக் கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கிறது என்ற வரிசை, முதல் வரியில் ஒரு வங்கி, இரண்டாவது வரியில் இன்னொரு வங்கி, அப்புறம் எண்ணெய்க் குழாய் போடுகிற ஒரு கம்பெனி, அதற்கும் கீழே நான்காவது, ஐந்தாவது, ஏழாவது வரியிலும் வங்கி... மொத்தம் ஐந்து வங்கி. அந்த இன்னொரு ஃபண்டு இருக்கிறதே, வங்கிகளை மட்டுமே வைத்திருப்பது, அதிலுள்ள ஆறில் ஐந்து இங்கேயும். அப்படியென்றால்? டயர் கடையின் காத்திருக்கும் அறையில் வேறு யாரும் இல்லை, சுவரில் தொலைக்காட்சி பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடுகிற கர்லிங் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவளுடைய வேன் நான்கு கால்களும் தொங்க மேலே ஏறி நின்றது, முன்பக்கம் எஞ்சின் சூடாக்கும் பிளக்கின் வயர் வாய்க்கு வெளியே தொங்கியது, பனி டயர் மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள். முக்கால் மணி நேரத்தை ஓட்டுவதற்காகத்தான் இதைத் திறந்தாள், இரண்டில் எதை விற்பது என்று பார்க்க. பார்த்திருக்கவே வேண்டாம்.

பணம் அவளுடையதுகூட இல்லை. மென்னோவுடையது, அவளுடைய தம்பி, பதின்மூன்று வயது இளையவன், மூன்று அறுவடைக்கு முன்னால் அடுத்தவர் பண்ணையில் கோதுமை ஏற்றும்போது தானியத்தை மேலே தள்ளுகிற திருகுக்குழாயில் இடது கையைப் பறிகொடுத்தவன், அந்தக் கைக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் போட்ட விலை இரண்டு லட்சம் டாலர். நீயே பார்த்துக்கோ வெர்னா, எனக்கு இந்த எண்ணெல்லாம் ஆகாது என்று அவன் சொன்னபோது அவள் எவ்வளவு பெருமைப்பட்டாள், முப்பது வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள்தான், ஆனால் குடும்பத்தில் கணக்குத் தெரிந்தவள் என்று ஒரு பேர் உண்டே. ஒரு மாதம் உட்கார்ந்து படித்தாள். ஒரு கம்பெனிப் பங்கை வாங்கினால் அது கவிழ்ந்தால் நாமும் கவிழ்ந்தோம், ஃபண்டு என்றால் ஒரே யூனிட்டில் பல கம்பெனிகளில் துண்டு துண்டாக இருக்கலாம், பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கலாம், செலவும் கம்மி. வங்கி ஃபண்டு ஏன் என்று யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை, இந்த நாட்டில் வீட்டுக்கடன் கட்டாத வீடு எது, கணக்கு வைத்திருப்பதற்கே மாதாமாதம் பிடுங்குகிறார்களே, பிடுங்குகிறவனிடம் பங்குதாரனாக இருந்துவிட்டால் நல்லதுதானே. ஸ்டைன்பாக்கில் பாதி ஊர் கூட்டுறவுச் சங்கத்தில்தான் பணம் போட்டு எடுக்கிறது, அவளும்தான், வங்கி வாசலை மிதித்தே இருபது வருஷம் இருக்கும், ஆனால் காசு பெருக வேண்டும் என்று வரும்போது எல்லாரும் வங்கிப் பங்கைத்தான் சொல்வார்கள், சர்ச்சில் காபி ஊற்றிக்கொண்டு சொல்வார்கள். சரி, பாதி அதில். மீதிப் பாதி டிவிடெண்ட் ஃபண்டில், வேறு கம்பெனி நடத்துவது, வேறு பேர், வேறு நிறம், ஒழுங்காக லாபத்தில் பங்கு கொடுக்கிற கம்பெனிகளாகப் பொறுக்கி வைத்திருப்பது. வருஷா வருஷம் ஒழுங்காகக் கொடுக்கிறவன் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்... வங்கிக்காரன்தானே! கண்ணுக்கு முன்னால் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பட்டியலை ஒரு நாளாவது தொட்டுப் பார்த்தாளா? இல்லை. பேரைப் பார்த்தாள், எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்தாள், வாங்கினாள்.

பேனாவை எடுத்து டயர் விலைப்பட்டியலின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வங்கி ஃபண்டில் ஒரு லட்சம், டிவிடெண்ட் ஃபண்டில் போட்ட லட்சத்தில் கிட்டத்தட்ட பாதி வங்கி, அது ஒரு ஐம்பதாயிரம். ஆக இரண்டு லட்சத்தில் ஒன்றரை லட்சம் அதே ஐந்தாறு பேர் கையில். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்று மென்னோவின் சாப்பாட்டு மேசையில் காகிதத்தைப் பரப்பி எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்... இந்த இலையுதிர்காலத்தில் ஒன்று நூற்றுக்குப் பதின்மூன்று விழுந்தது, இன்னொன்று பதினொன்று, ஒரே வாரத்தில், என்ன துரதிர்ஷ்டம் பார் என்று நினைத்துக்கொண்டாளே. ஆகஸ்டில் இரண்டும் சேர்த்து இரண்டு லட்சத்து ஒன்பதாயிரம் இருந்தது. அப்போதுதான் பென்னர் தன் பற்றவைப்புப் பட்டறையில் பங்கு தருவதாக மென்னோவிடம் சொன்னார், ஒரு கை போதும், ஆர்டர் எடுக்கவும் ஆளை மேய்க்கவும் எனக்கு ஆள் வேண்டும் என்று, அறுபதாயிரம் போட்டால் போதும் என்று. இப்பவே எடுத்துடலாமா என்று மென்னோ கேட்டான். செப்டம்பர் கடைசியில் டிவிடெண்ட் வருமே, அதை ஏன் விடணும் என்றாள். வந்தது, இரண்டாயிரம் சொச்சம். அதற்குள் இருபத்தைந்தாயிரம் போய்விட்டது. அதற்கப்புறம், விழுந்தபோது விற்கிறவன் முட்டாள், டிசம்பர் வரை பொறு என்றும் சொன்னாள், சொல்லும்போது குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்தது. இன்று இரண்டு மணிக்கு அவன் பென்னரிடம் கையெழுத்துப் போடுகிறான், அடுத்த வெள்ளிக்குள் பணம் போயாக வேண்டும், இனிப் பொறுக்க நாள் இல்லை. எதை விற்கலாம், விழாத ஒன்றை விற்கலாம் என்றால் விழாதது எங்கே? எதை விற்றாலும் அடிபட்ட விலைதான். சொல்லாமல் விட்டால் என்ன? கூட்டுறவுச் சங்கத்தில் அவள் பேரில் பதினாலாயிரம் இருக்கிறது, குளியலறை புதுப்பிக்க வைத்தது, சத்தமில்லாமல் அதை இதில் சேர்த்துவிட்டால் அவனுக்குத் தெரியவா போகிறது, அவன்தான் எண் ஆகாது என்றானே... ச்சே, தெரியாமல் செய்கிற நல்லதும் ஒரு பொய்தான், ஆனாலும் செய்தால் என்ன?

பக்கத்துக் கடையில் போல்ட்டு வாங்கப் போயிருந்த மென்னோ குளிரோடு உள்ளே வந்தான், பூட்ஸைத் தட்டினான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையை வாயில் கொட்டிக்கொண்டான், பல்லாலேயே உடைத்து நாக்காலேயே பிரித்துத் தோலை மட்டும் காகிதக் குவளையில் துப்பினான், அதற்கு எப்போதுமே கை தேவைப்பட்டதில்லை. "என்ன மேனேஜரம்மா, எதைத் தள்ளிவிடலாம்?" என்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு வெர்னா சொல்லிவிட்டாள், இரண்டும் ஒன்றுதான் என்று, உள்ளே அதே வங்கிகள்தான் என்று, தான் பார்க்கவே இல்லை என்று, ஆகஸ்டில் உன்னை எடுக்கவிடாமல் செய்ததும் நான்தான் என்று. அவன் விதையை மென்றுகொண்டே இருந்தான்.

"தெரியும்" என்றான்.

என்ன தெரியும், எப்போது தெரியும் என்று அவள் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்குப் போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் போனில் அந்தப் பட்டியலைப் பார்த்தானாம், போன வருஷம், மார்ச்சிலோ ஏப்ரலிலோ. "அப்பவே சொல்லியிருக்கலாமே மென்னோ, மாத்தியிருக்கலாமே" என்றாள், "பைத்தியமா உனக்கு?"

"சொல்லத்தான் வந்தேன் அந்த ஞாயித்துக்கிழமை. நீ காகிதத்தையெல்லாம் பரப்பி வெச்சுக்கிட்டு அவ்வளவு குஷியா இருந்த. கை போனதுக்கப்புறம் என்னைப் பார்க்கற ஒவ்வொருத்தருக்கும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும் வெர்னா, நீயும் அப்படித்தான் பார்த்துட்டிருந்த. அன்னிக்கு மட்டும்தான் பழையபடி என்னை அதட்டிக் கணக்குச் சொல்லிக்குடுத்த. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." தோலைத் துப்பினான். "ரெண்டுலயும் முப்பது முப்பது வித்துடு. எதுன்னு யோசிச்சு மண்டையை உடைக்க வேணாம்."

பணம் போனதே என்றாள். போகட்டும், மீதி இருக்கே, பட்டறை கிடைக்குதுல்ல என்றான், அப்புறம் நிஜமாகவே ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். டொராண்டோவில் பங்குச்சந்தை திறந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது, வெர்னா வங்கி ஃபண்டைத் தொட்டாள், விற்க என்பதைத் தொட்டாள், எத்தனை யூனிட் என்று கேட்டது, முப்பதாயிரத்தை இன்றைய விலையால் வகுத்துப் போட்டாள், உறுதிதானா என்று கேட்டது. அவன் திட்டவில்லை, அதற்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, வந்தது கோபம், காது மடல் வரை சூடாக... எதற்குக் கோபம்? பணம் போனதற்கு என்றால் அது தன் மேல் வர வேண்டும், இது அவன் மேல் வருகிறதே. ஒன்றரை வருஷம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவன் எதிரே உட்கார்ந்து அவள் அந்த இரண்டு ஃபண்டுக் கதையை விளக்கியிருக்கிறாள், அவனும் தலையாட்டிக் கேட்டிருக்கிறான், எல்லாம் தெரிந்துகொண்டே, பாவம் வெர்னா, சந்தோஷமாக இருக்கட்டும் என்று. பாவமா? நானா பாவம்? வாயைத் திறந்து கேட்டுவிடத்தான் போனாள், அதற்குள் இவனுக்கு மூன்று வருஷமாக ஊர் முழுக்க, நான் உட்பட, இதைத்தானே செய்கிறோம் என்று தோன்றியது, தோன்றியதும் போனுக்கே திரும்பினாள். உறுதிதானா என்று போன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, ஆம் என்று தொட்டாள், தம்பி பக்கம் திரும்ப வேண்டும் போலிருந்தது, ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பது என்று தெரியவில்லை.