கழுவின முகம்

மிளகாய் உருண்டையை வைத்தது தின்சாதான். தெரிந்தே வைத்தாள்.

பர்மாவில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், அரிசிமாவு உருண்டைக்குள் வெல்லம் வைத்து வேகவைப்பார்கள். ஒன்றிரண்டில் மட்டும் வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாய். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவரைச் சுற்றி நின்று கெக்கலி கொட்டுவார்கள். பர்மாக்காரர்கள் அதை வேற்று மனிதருக்கு வைக்கமாட்டார்கள். தங்களில் ஒருத்தி என்று நினைத்தால்தான் வைப்பார்கள். தாய்லாந்தில் மகாச்சாய் என்ற ஊரின் இறால் உரிக்கும் கொட்டகையில் மேற்பார்வை பார்க்கும் தாய்லாந்துக்காரி ஒரத்தாயை, பர்மாவிலிருந்து பிழைக்க வந்த தின்சா அப்படி நினைத்துவிட்டாள். ஆறு வருஷம் தன் கைப்பலகாரத்தைத் தின்றவள் ஆயிற்றே.

ஒரத்தாய் கடித்தாள். துப்பினாள். இறால் உரித்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் சிரித்தார்கள்.

"என்னைக் கொல்லப் பாக்கறியா நீ?"

"ஐயோ, இல்லக்கா. எங்க ஊர் விளையாட்டு. நம்ம ஆளுக்குத்தான் வைப்போம்."

"நான் எப்படி உங்க ஆளு? மூஞ்சில சேத்தை அப்பிக்கிட்டு வர்ற கூட்டம். போய்க் கழுவிட்டு வா. இனிமே இந்தக் கொட்டகைல ஒருத்தி மூஞ்சிலயும் அது இருக்கக் கூடாது."

சேறாம். விடியற்காலையில் கல்லில் தனக்கா என்ற மரக்கட்டையைச் சந்தனம்போல் உரைத்து இரண்டு கன்னத்திலும் இலை மாதிரி வரைந்துகொண்டு வந்திருந்தாள் தின்சா. அம்மா பூசிவிட்ட வயதிலிருந்து அது இல்லாமல் அவள் தெருவில் இறங்கியதில்லை. ஆனால் அவளுடைய வேலை அனுமதித் தாள் ஒரத்தாயின் மேஜைமேல் கிடந்தது. இன்று கையெழுத்து விழாவிட்டால் விடுமுறைக்குள் தவணை முடிந்துவிடும். பிறகு போலீஸ், எல்லை, அவ்வளவுதான்.

"கழுவிடுடி, தண்ணிதானே," என்று பக்கத்திலிருந்த நுவே கிசுகிசுத்தாள்.

கழுவினாள். குழாயடியில் மஞ்சளாக ஓடிய தண்ணீரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஒரத்தாய்க்கு இப்போது மனம் குளிர்ந்திருந்தது. ஒரு கையில் பேனா. இன்னொரு கையை மேஜையிலிருந்த கிண்ணத்தில் தோய்த்தாள். அதே திருவிழாவுக்குத் தாய்லாந்துக்காரர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் தடவிக்கொள்ளக் கரைத்து வைக்கும் வெள்ளை மாவு.

"இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கே. வா, கன்னத்தைக் காட்டு. புது வருஷம் நல்லா இருக்கட்டும்."

மாவுக்கை கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்தபோது தின்சா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்க மாவு மூணு நாளைக்கு மங்களம். எங்களுது வருஷம் பூரா சேறு. அப்படித்தானேக்கா?"

"கைய விடு."

"இத நீங்க பூசறதுக்கா என் மூஞ்சியக் கழுவச் சொன்னீங்க?"

நுவே தலை குனிந்துகொண்டாள். வேண்டாம், விட்டுவிடு என்று அவள் உதடு அசைந்தது தின்சாவுக்குத் தெரிந்தது.

ஒரத்தாய் தாளை ஒருதரம் பார்த்தாள். கையெழுத்துப் போடாமலே பேனாவைக் கீழே வைத்தாள்.

தின்சாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. பிடித்த கையை மட்டும் அவள் விடவில்லை.