நிற்பதற்குத் தோள் எதற்கு

ஆர்ம்ஸ்லி டவுன் கால்பந்து அணியின் மைதானத்தில், வடக்கு வாசலில் அன்று மேவிஸ் கிளெக்குக்குக் கிடைத்த வரவேற்பில் மாலை ஒன்றுதான் குறை. "மேவிஸ் வந்தாச்சு!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் ஓடிவந்து அணியின் மஞ்சள் கறுப்புக் கம்பளித் துண்டை அவள் கழுத்தில் சுற்றினான். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. எழுபத்திரண்டு வயதில், இரண்டு துண்டுகளுக்கு நடுவே மூச்சு முட்ட, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவைத்தாள். இடது இடுப்பு காலையிலிருந்தே விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்கு நடப்பதே அவள் கேட்டு வாங்கியதுதான்.

வடக்குப் படிகள் என்று ஒரு காலத்தில் இருந்தவை வெறும் சிமெண்டுப் படிகள். நாற்காலி கிடையாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். சாய்ந்துகொள்ள அங்கங்கே இடுப்பு உயரத்தில் இரும்புக் கம்பி இருக்கும். பிறகு ஷெஃபீல்டு மைதானத்தில் இதே மாதிரிப் படிகளில் நெரிசலில் நசுங்கித் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். பெரிய மைதானங்களில் இனி எல்லோரும் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. செத்தவர்களுக்காக மேவிஸும் அழுதாள். ஆனால் நாற்காலி என்ற பேச்சை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. ஊர் மன்றத்து வாசலில் மழையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "உக்காந்து பாக்குறவன் ரசிகன் இல்ல, வாடிக்கையாளன்!" என்று அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்படியும் நாற்காலி வந்தது. வந்த நாற்காலிக்கு முன்னால் முப்பது வருஷம் அடம்பிடித்து நின்றே பார்த்தாள். காவலர்கள் உட்காரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். இப்போது சட்டம் மாறி, வரிசைக்கு ஒரு கம்பி போட்டு, மறுபடியும் நிற்கலாம் என்று விட்டுவிட்டார்கள்; இன்றுதான் அதற்கு முதல் ஆட்டம். அவள் சொன்ன அந்த வாக்கியத்தை இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஜெயித்தாயிற்று. ஜெயிக்கும்போதா இடுப்பு போக வேண்டும்?

"மேவிஸ், முதல் பாட்டு நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்," என்றாள் கெய்லி. பெரிய முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பெண் அவள். இந்தப் படிகளின் தலைமை இப்போது அவளுடையதுதான். "நம்ம தோள் பாட்டு. அதுக்கு வீடியோ எடுக்கவே தனியா ஒருத்தன நிறுத்தியிருக்கேன்."

"பாடுறதுக்கு வந்தோமா, படம் பிடிக்கறதுக்கு வந்தோமா?"

"ரெண்டுக்கும்தான். மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க, உலகமே பாக்கப்போகுது."

தோள் பாட்டு. அது எங்கிருந்து வந்தது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மேவிஸுக்குத் தெரியும். ஏர்னி டாட்டர்சாலிடமிருந்து வந்தது.

ஏர்னி வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தவன். கதவை அடைத்துக்கொண்டு நின்றால் வெளிச்சம் வராது, அப்படி ஓர் உடம்பு. இருபது வருஷம் மேவிஸ் முன்னால் நிற்பாள், அவன் பின்னால் நிற்பான். அவர்கள் பழக்கம் சனிக்கிழமை ஆட்டத்துப் பழக்கம் மட்டும்தான். அவன் வீட்டை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவன் கைகளை நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஆட்டம் முழுக்க அவை அவளுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கம்பியைப் பற்றிக்கொண்டிருக்கும். "நல்லாப் புடிச்சுக்கோ ஏர்னி, விழுந்து கிழுந்து வச்சுடப் போற," என்று அவள் கேலி செய்வாள். அவன் பதில் சொல்லமாட்டான். கோல் விழுந்தால் மேலே நிற்கிற கூட்டம் மொத்தமும் அலையாகச் சரிந்து கீழே வரும். பக்கத்தில் நிற்பவர்கள் கால் தரையில் படாமல் எங்கேயோ போய்ச் சேருவார்கள். மேவிஸ் நின்ற இடத்திலேயே நிற்பாள். நிற்பதற்கும் ஒரு தேர்ச்சி வேண்டும் என்று அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வாள்.

படிகளை இடிப்பதற்கு முந்திய குளிர்காலத்தில் ஏர்னி அவளிடம் வந்து, பக்கவாட்டு மாடத்தில் நாற்காலிச் சீட்டு வாங்கிவிட்டேன் என்றான்.

"என்னடா இது? எல்லாரும் போராடிக்கிட்டிருக்கோம், நீ போய் நாற்காலி வாங்கிட்டு வந்து நிக்கற?"

"தோள் போயிடுச்சு, மேவிஸ். வலது தோள். முடியல."

"தோளா?" மேவிஸ் நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். "நிக்கறதுக்குக் கால் போதும்டா! தோள் எதுக்கு?"

கூட்டத்துக்கு அது போதாதா? ஆட்டம் முடிவதற்குள் மெட்டுப் போட்டுவிட்டார்கள். 'தோள் எதுக்கு, தோள் எதுக்கு, நிக்கக் கால் போதுமே!' பக்கவாட்டு மாடத்தில் போய் உட்கார்ந்திருந்த ஏர்னியை நோக்கி நூறு விரல்கள் நீண்டன. மறு வாரம் ஆயிரம். அதற்குப் பிறகு அவனும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. அவன் போன பின்பு மிச்சமிருந்த மாதங்களில் கூட்டமும் கெட்டுப்போயிற்று. ஒவ்வொரு கோலுக்கும் மேவிஸின் விலா கம்பியில் மோதிக் கன்றிப்போகும். நாற்காலி வரப்போகிற ஆத்திரத்தில் ஜனங்கள் முரடாகிவிட்டார்கள் என்று அதற்கு அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஆட்டம் தொடங்க விசில் ஊதியதும் கெய்லி முரசைத் தட்டினாள். மேவிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிப் பாட்டை எடுத்தாள். வடக்குப் பக்கம் முழுதும் வாங்கிக்கொண்டது. எல்லோருடைய விரலும் பக்கவாட்டு மாடத்தை நோக்கி நீண்டது, அவளுடையதும்தான். பயிற்சியாளர் உட்கார்கிற இடத்துக்குப் பின்னால், எட்டாவது வரிசையின் ஓரத்தில், தட்டைத் தொப்பி ஒன்று அசையாமல் இருந்தது. முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அவள் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அரை மணி நேரம் போவதற்குள் இடுப்பு வேலையைக் காட்டிவிட்டது. எடையை இந்தக் காலில் போட்டாள், அந்தக் காலில் போட்டாள். முன் வரிசையில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததால் ஆட்டத்தைச் சின்னச் சின்னத் திரைகளில்தான் பார்க்க முடிந்தது. பக்கத்தில் ஒருவன் நம் அணித் துண்டையும் எதிரணித் துண்டையும் பாதிப் பாதியாகத் தைத்த ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எது கோல் என்று யாரையோ கேட்டான். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எப்போதடா விசில் ஊதுவான் என்று இருந்தது. தன் ஆயுளில் ஆர்ம்ஸ்லி ஆட்டம் நடக்கும்போது அப்படி நினைத்ததே இல்லை.

அந்த நேரத்தில் டவுன் ஒரு கோல் போட்டது.

பின் வரிசைப் பையன்கள் கம்பியைத் தாண்டிக் கவிழ்ந்தார்கள். பீர் கோப்பை ஒன்று பறந்தது. மேவிஸின் கால் இடறியது, கீழே போகிறோம் என்றே நினைத்தாள். போகவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கைகள் வந்து கம்பியைப் பற்றின. பின்னால் நின்ற டெக்லன் என்ற தடியன்தான். மூன்று பேர் அவன் முதுகில் கிடந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சாண் இடம் அப்படியே இருந்தது. அந்த ஒரு சாணுக்குள் அமைதியாக இருந்தது.

"என்னடா பண்ற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மேவிஸ். உங்க மேல விழுந்துடுவானுங்க, அதான்."

கொண்டாட்டம் அடங்கியதும் அவன் கைகளை எடுத்துக்கொண்டான். வலது தோளை முன்னும் பின்னும் சுழற்றி, முகத்தைச் சுளித்தான். "அம்மாடி, ஒரு கோலுக்கே தோள் கழண்டுடுச்சு."

மேவிஸ் கம்பியைப் பார்த்தாள். அந்தக் கைகள் இருந்த இடத்தில் ஈரம் இருந்தது.

இருபது வருஷம். எத்தனை கோல்! ஒவ்வொரு கோலுக்கும் படிகள் மொத்தத்தின் பாரமும் ஒருவன் முதுகில் இறங்கியிருக்கிறது. அவள் விலா கன்றிப்போனது அவன் போன பிறகுதானே? கூட்டம் முரடாகவில்லை, தாங்கத்தான் ஆள் இல்லை. இந்தக் கணக்கு ஒரு நாளும் அவள் புத்தியில் ஏறவில்லை. பயந்து பிடித்துக்கொள்கிறான் என்று கேலி செய்தாள். தோள் எதற்கு என்று ஊரைக் கூட்டிக் கேட்டாள். இப்போது அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது.

இடைவேளை விசில் ஊதியதும் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தாள். மாடங்களுக்கு நடுவில் இருந்த தடுப்பில் காவலன் வழிமறித்தான்.

"அந்தப் பக்கத்துக்குச் சீட்டு இருக்காம்மா?"

"இல்ல கண்ணு. இடுப்பு வலிக்குது. உக்காரணும்."

அந்தக் கடைசி வார்த்தையை மேவிஸ் கிளெக்கின் வாயிலிருந்து கேட்ட காவலன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இவளை உட்கார வைக்கப் பத்து வருஷம் படாதபாடு பட்டவர்களில் அவனும் ஒருவன். தடுப்பைத் திறந்துவிட்டான்.

எட்டாவது வரிசைக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. ஏர்னி மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு கோட்டுக்குள் எங்கேயோ வற்றிப் போயிருந்தது. அவளைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டான்.

"வாங்க, வாடிக்கையாளரே."

"வாய மூடுடா," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்த சுகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குத்தான் வந்தது என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

"இடுப்பா?"

"இடுப்புதான். எப்படித் தெரியும்?"

"இங்கேருந்து எல்லாம் தெரியும். ரெண்டு வருஷமா ஒத்தக் கால்ல நிக்கற. டீ குடிக்கிறியா? பாதிக்கு மேல ஊத்தமாட்டேன், கை நடுங்கும்."

அவள் வாங்கிக் குடித்தாள். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

"ஏர்னி, தோள் எப்படி இருக்கு?"

அவன் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தான். புல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். "கை மார்பு வரைக்கும் வரும். அதுக்கு மேல வராது. சட்டை போடறதுக்கு எம் பொண்டாட்டி ஜீன் ஒத்தாசை பண்ணுவா. ஜீன் போனதுக்கப்புறம் பொத்தான் வச்ச சட்டைதான்."

"பயந்துகிட்டுக் கம்பியப் புடிக்கறன்னு நெனச்சேன்டா."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா நீ அங்க நிக்கவிட்டிருப்பியா? எவன் கையும் எனக்கு வேணாம்னு ரெண்டு படி தள்ளிப் போயிருப்ப. அங்க போய் நசுங்கியிருப்ப." செய்தித்தாளை மடித்தபடி சொன்னான். "முடியலன்னு வந்து சொன்னேனே. நீ சிரிச்ச."

மன்னிப்பு என்ற வார்த்தை மேவிஸின் நாக்கு நுனி வரை வந்து, முப்பது வருஷப் பாட்டுக்கு எதிரில் அது எவ்வளவு சின்னதாகப் போய்விடும் என்று கூசித் திரும்பியது.

அணிகள் மறுபடியும் இறங்கின. மழை பிடித்துக்கொண்டது. வடக்குப் பக்கத்தில் கெய்லியின் முரசு கேட்டது. மேவிஸைக் காணவில்லை என்று இன்னும் யாரும் தேடியதாகத் தெரியவில்லை. மஞ்சளும் கறுப்புமாக அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அத்தனை விரல்களும் இந்தப் பக்கம் நீண்டன. அந்தப் பாட்டை அவள் இத்தனை வருஷத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. இங்கே உட்கார்ந்து கேட்கும்போது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்து விழுந்தது.

'தோள் எதுக்கு, தோள் எதுக்கு, நிக்கக் கால் போதுமே!'

முன் வரிசைகளில் சிலர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்கள். ஒரு ஆள் கை தட்டினான். ஏர்னி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மழையைப் பார்ப்பது போலப் பாட்டை முழுதும் கேட்டான்.

"நிறுத்தச் சொல்றேன்," என்றாள் மேவிஸ். "இங்கேருந்தே கத்தி நிறுத்தச் சொல்றேன்."

"இங்கேருந்து கத்துனா கேக்காது, மேவிஸ்," என்றான் ஏர்னி. "நான் கத்திப் பாத்திருக்கேன்."