இல்லை என்று சொன்ன பெயர்

தீவு நகரின் ஹேடோ பகுதியில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் வைஜெயந்திக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். காகிதக் கோப்புகள் இருந்தவரை, எந்தக் கட்டு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்.

அன்று சிப்பிகாட்டிலிருந்து அமிர்தவல்லி வந்திருந்தாள். தீவிலேயே நிலையாக வாழ்பவர் என்று காட்டும் தீவுவாசி அட்டைக்கு, இறந்துபோன அவள் அப்பா ஜெகநாதன் இந்த அலுவலகத்தில் வேலை பார்த்த பதிவு வேண்டும்.

வைஜெயந்தி ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு. அதில் ஒன்றைத் திறந்தால் இன்னும் இருபது. நாலு அடுக்கு போனதும் எதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்றே பிடிபடவில்லை. அலமாரி என்றால் ஜன்னலோரம், கதவோரம் என்று நினைவில் நிற்கும். இங்கே எங்கு பார்த்தாலும் ஒரே மஞ்சள் பெட்டிகள். திரும்பி வரப் பார்த்தாள், மொத்தமும் மூடிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அந்தப் பேர்ல ரெக்கார்டே இல்லம்மா."

"பக்கா பாத்தீங்களா மேடம்? முப்பது வருஷம் இங்கதான் வேலைன்னு சொல்லுவாரு."

"முழுசும் பாத்துட்டேன். நஹி ஹை, இல்ல."

அமிர்தவல்லி விண்ணப்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த முகம் வைஜெயந்தியை விடவில்லை.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்தாள். திறந்த ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் தாளில் எழுதிக்கொண்டே போனாள். ஒன்பதாவதில் ஜெகநாதன் இருந்தார், புகைப்படத்தோடு. அச்செடுத்தாள். அரைநாள் லீவு போட்டு, விண்ணப்பத்தில் இருந்த முகவரிக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் நின்றே தாளை நீட்டினாள். "நேத்து நான் முழுசும் பாக்கலம்மா. உள்ள போய் வழி தெரியாம முழிச்சேன். அதச் சொல்ல வெக்கப்பட்டு, இல்லன்னுட்டேன்."

அமிர்தவல்லி தாளைப் பார்த்தாள். படத்தின் மேல் விரல் நின்றது.

"அப்பா நம்மகிட்ட பொய் சொல்லிருக்காருன்னு நேத்து எங்கம்மாகிட்ட சண்டை போட்டேன் மேடம். ஆஃபீஸ்லயே சொல்லிட்டாங்கன்னேன். அம்மா அப்புறம் சாப்பிடவே இல்ல."

வைஜெயந்திக்குத் தலை நிமிரவில்லை.

"எங்கிட்ட சொன்னது போதாது. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

வைஜெயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் உள்ளே போனாள்.